கார்பன் குச்சிக்கு ஒரு பக்கம்: சினிமா, ரெக்கார்டு, கேலண்டர் கருவிகளுக்கு கூட்டு ஆவணம் (விவாத இழை)

ஒரு வாசகர் கேள்வி, 8 ஜனவரி 2023

பழைய தியேட்டர் ப்ரொஜெக்டர்ல பல்பு கிடையாது, ரெண்டு கார்பன் குச்சிதான் எரியும்னு அப்பா சொல்றார். ஒண்ணு தடி, ஒண்ணு ஒல்லியாம். ஏன் அப்படி? தமிழ்ல தேடினா நடிகைங்க பிறந்தநாள்தான் வருது. இதெல்லாம் யாராச்சும் எழுதி வெச்சிருக்காங்களா இல்ல அப்படியே போச்சா?

8 ஜனவரி 2023, இரவு 11:40

முதல் கேள்விக்கு பதில் தெரியும், எங்க பெரியப்பா தேனிப் பக்கம் டூரிங் டாக்கீஸ்ல ஆப்பரேட்டரா இருந்தவர். குச்சிக்குப் போறது டிசி கரண்ட். பாசிட்டிவ் குச்சி முனைல ஒரு குழி விழும், வெளிச்சத்துல பெரும்பங்கு அந்தக் குழிலேர்ந்துதான் வருது, சூடும் அங்கதான் அதிகம், அதனால அது வேகமா கரையும். ஒல்லியா வெச்சா சட்டுனு தீர்ந்துரும்னுதான் அதைத் தடியா செய்வாங்க. அப்படியும் அதுதான் முதல்ல தீரும். பின்னாடி ஒரு குழிவான கண்ணாடி இருக்கும், அது வெளிச்சத்தை அள்ளி பிலிம் மேல கொட்டும். மேல புகைபோக்கி.

ரெண்டாவது கேள்விக்கு, எழுதல. நடிகர், இயக்குநர், பாட்டு, வசூல் எல்லாத்துக்கும் ஆள் இருக்கு. ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் ஒருத்தரே வாழ்நாள் பூரா உக்காந்து எந்தப் படம், எந்த வருஷம், யார் தயாரிப்புன்னு சேர்த்தார், அவர் சேகரிப்பை அரசாங்கமே வாங்குச்சு, 2016ல போயிட்டார். அவர் மட்டும் இல்லன்னா நமக்கு பட்டியல்கூட கிடையாது. ஆனா அந்தப் படத்தை ஓட்டின மெஷினுக்கும் ஓட்டின ஆளுக்கும் பட்டியல் போட்ட ஒருத்தர் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

நாமளே ஆரம்பிச்சா என்ன? யாரு வேணா எழுதலாம், யாரு வேணா திருத்தலாம்ங்கற மாதிரி. ப்ரொஜெக்டர், கிராமபோன், கேசட், பேனர், கேலண்டர், கம்ப்யூட்டர் ஃபான்ட் வரைக்கும். ஒரு ஷீட் திறந்து வெக்கறேன்.

9 ஜனவரி, காலை 7:15

ராத்திரி சூட்டுல சொல்லிட்டேன். இருந்தாலும் ஷீட் திறந்தாச்சு. பேர், வருஷம், ஊர், எப்படி வேலை செய்யும், போட்டோ, "தமிழ்ல இதுதான் முதலா?" மொத்தம் ஆறு காலம் (column).

15 ஜனவரி, மதியம்

ஆறாவது காலத்தைத் தூக்கிட்டேன். ஒரு வாரத்துல வந்த 61 வரில 40க்கு மேல "முதல்". முதல் தியேட்டர், முதல் கலர், முதல் ஸ்டீரியோ, முதல் கம்ப்யூட்டர் இசை. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பேர் மல்லுக்கு நிக்கறாங்க. 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், கேவாகலர்ங்கற கலர் பிலிம்ல எடுத்தது, முழுநீள கலர் படம். சரி. ஆனா அதுக்கு முன்னாடியே படத்துல ஒரு பாட்டு, ஒரு சீன் மட்டும் கலர்ல இருந்த சங்கதியை ஒருத்தர் கிளப்ப, "முழுநீள"ங்கற ஒரு வார்த்தைக்கு மூணு நாள் சண்டை. கேவாகலர்னா என்ன, நெகட்டிவ் எங்கேர்ந்து வந்துச்சு, எங்க கழுவினாங்க, ஏன் இன்னிக்கு அந்தப் பிரின்ட் எல்லாம் சிவப்பேறிக் கிடக்கு, இதை ஒரு ஆள் கேக்கல. முதல் யாருன்னு தெரிஞ்சா போதும், கோப்பையைக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிரலாம்.

15 ஜனவரி, இரவு

மேல எழுதினதுல கொஞ்சம் ஓவரா போயிட்டேன். "முதல்"னு சண்டை போடறவங்கதான் ஆதாரத்தையும் தூக்கிட்டு வர்றாங்க. சேலத்துக்காரர் ஒருத்தர் மூணு பழைய பாட்டுப் புத்தகத்தை ஸ்கேன் பண்ணி அனுப்பினதே என்னைத் தப்புன்னு நிரூபிக்கத்தான். கோவத்துல வர்ற ஸ்கேன் நல்லா தெளிவாவே இருக்கு.

22 ஜனவரி

வருஷம்ங்கற காலத்துலயும் பிரச்சினை. நடராஜ முதலியாரோட 'கீசகவதம்'. தென்னிந்தியால எடுத்த முதல் மௌனப் படம்னு எல்லாரும் சொல்றது, எடுத்தவர் மோட்டார் பார்ட்ஸ் வியாபாரத்துலேர்ந்து வந்தவர். வருஷம் மட்டும் ஒரு புத்தகத்துல 1916, இன்னொண்ணுல 1917, இன்னொண்ணுல 1918. படம் இல்ல, அதனால பார்த்துச் சொல்லவும் முடியாது. ஷீட்டோ ஒரு கட்டத்துல ஒரு நம்பர்தான் எடுக்கும். கோவைலேர்ந்து எழுதற தம்பி ஒருத்தன் "நடுவுல இருக்கற 1917ஐப் போடுங்கண்ணே"ங்கறான். தம்பி, இது மார்க்கெட்ல பேரம் பேசற விலை இல்லடா.

அதனால ஷீட்டை விட்டுட்டு விக்கிக்குப் போறோம். மூணு வருஷத்தையும் போடுவோம், எது எங்க இருக்குன்னு பக்கத்துல எழுதுவோம், தீர்ப்பு சொல்ல மாட்டோம்.

23 ஜனவரி

விக்கி போட்டாச்சு. முதல் நாளே 19 பேர் பதிஞ்சாங்க. அதுல 17 பேர் ரஷ்யாலேர்ந்து மாத்திரை விக்கறவங்க.

4 பிப்ரவரி

பேர் வெக்கற சண்டை. ப்ரொஜெக்டர் பக்கத்துக்கு தலைப்பு "படவீழ்த்தி"ன்னு ஒருத்தர் மாத்தினார், இன்னொருத்தர் திருப்பி மாத்தினார், ஒரே நாள்ல 11 தடவை. எனக்கு படவீழ்த்தி மேல பகை ஒண்ணும் இல்ல. ஆனா பெரியப்பாகிட்ட "நீங்க படவீழ்த்தி இயக்குநராமே"ன்னேன், "எதையும் நான் வீழ்த்தலப்பா, ஒழுங்காத்தான் ஓட்டினேன்"னார்.

முடிவு: அந்த வேலைல இருந்தவங்க வாய்ல என்ன வந்துச்சோ அதுதான் தலைப்பு. ஆப்பரேட்டர், ரீல், ஜாயின்ட், கேபின், பிளேட்டு. கலைச்சொல் எல்லாம் அந்தப் பக்கத்துக்கே வழிகாட்டும், யாரும் தொலைஞ்சு போக மாட்டாங்க.

11 பிப்ரவரி

வெளிநாட்டுல இப்படி என்ன இருக்குன்னு கேட்டிருந்தாங்க. 1995ல ப்ரூஸ் ஸ்டெர்லிங்னு அறிவியல் கதை எழுதறவர், செத்துப்போன ஊடகக் கருவிகளுக்கு ஒரு பட்டியல் போடுவோம்னு கூப்பிட்டார், ஆளாளுக்கு சின்னச் சின்னக் குறிப்பா அனுப்பினாங்க, சில வருஷம் ஓடி அடங்கிருச்சு. அப்புறம் மோனோஸ்கோப்னு ஒரு விக்கி, 2004ல ஸ்லோவாகியால ஆரம்பிச்சது, கலையும் ஊடகமும் சேர்ந்த வரலாறு, இன்னும் ஓடுது. நான் காப்பியடிக்கறது இந்த ரெண்டாவதைத்தான்.

ஆனா அந்த 1995 விஷயத்துல ஒண்ணு உறுத்துது. அவங்க செத்துப்போச்சுன்னு எழுதின நேரத்துல எங்க ஊர்ப் பக்கம் டென்ட் கொட்டாய்ல கார்பன் எரிஞ்சிட்டிருந்துச்சு. தரை டிக்கெட், மண்ணைக் குவிச்சு உக்காந்து பார்த்தவன் நான். அதனால நம்ம விக்கில "மறைந்த தேதி"ன்னு கட்டமே வேணாம். "கடைசியா எங்க ஓடினதைப் பார்த்தீங்க?"ன்னு கேட்டா போதும். இந்தக் கேள்விக்கு வந்த மாதிரி பதில் வேற எதுக்கும் வரல.

26 பிப்ரவரி, இரவு 1:10

இதை எழுதவே கூச்சமா இருக்கு. ஒருத்தர் நம்பி 78 ஆர்.பி.எம் கிராமபோன் பிளேட்டு 14 குடுத்தார், காப்பி எடுத்துட்டுத் திருப்பித் தர்றேன்னு வாங்கிட்டு வந்தேன். தூசி, பூஞ்சை. கேசட் ஹெட்டைத் துடைக்கற ஸ்பிரிட் கைல இருந்துச்சு. பஞ்சுல நனைச்சு ஒரு பிளேட்டை வட்டமா துடைச்சேன். பஞ்சு கருப்பாச்சு, ஆஹா என்னா அழுக்குன்னு இன்னும் அழுத்தினேன். அது அழுக்கு இல்ல. பிளேட்டே கரையுது.

எதிர்வீட்டு ஆசாரி வந்து பார்த்துட்டு சிரிச்சார் பாருங்க. "அரக்கு சார் இது. அவலரக்கை ஸ்பிரிட்ல ஊற வெச்சுத்தான நாங்க கதவுக்கு பாலிஷ் போடறோம், தெரியாதா?" தெரியாது. நம்ம காட்டு மரத்துல பூச்சி கட்டற அரக்கு, அதுலதான் உலகம் பூரா கிராமபோன் தட்டு அடிச்சாங்கன்னு நானே விக்கில நாலு பாரா எழுதியிருக்கேன், அந்த அறிவு கைக்கு எட்டல.

நல்ல தண்ணி, ஒரு சொட்டு சோப்பு, லேபிள்ல படாம, மெத்துனு பிரஷ், உடனே நிழல்ல காய வைக்கணும். வினைல் எல்.பி.க்கு கொஞ்சம் ஸ்பிரிட் கலந்த தண்ணி தாங்கும், 78க்கு ஒரு சொட்டும் ஆகாது. பக்கத்து உச்சில சிவப்புல போட்டிருக்கேன். பிளேட்டு குடுத்தவர்கிட்ட நேர்ல போய் சொன்னேன். ஒண்ணும் சொல்லல, காபி குடுத்தார். திட்டியிருந்தா தேவலை.

5 மார்ச்

மீதி 13ம் நல்லபடியா முடிஞ்சுது. பிளேட்டு பக்கம் எழுதறவங்களுக்கு: லேபிள்ல அச்சடிச்சிருக்கற நம்பர் ஒண்ணு, அது விக்கறதுக்கு. இன்னொரு நம்பர் லேபிளைச் சுத்தி பாட்டுக் கோடு முடியற வழவழப்பான இடத்துல அரக்குலயே குத்தியிருக்கும், அது மேட்ரிக்ஸ் நம்பர். அதே பதிவை அஞ்சு வருஷம் கழிச்சு வேற லேபிள்ல வேற நம்பர்ல விட்டிருப்பாங்க, ஆனா மேட்ரிக்ஸ் மாறாது. விக்கில ஒரே பதிவுக்கு ரெண்டு பக்கமா வெச்சிருந்ததை இப்படித்தான் ஒண்ணாக்கினோம். நேரா பார்த்தா தெரியாது, டார்ச்சைப் படுக்க வெச்சு பக்கவாட்டுல அடிச்சா எழுத்து நிழல் விழும். போட்டோவும் அப்படியே எடுங்க.

1902ல கிராமபோன் கம்பெனி ஆள் கெய்ஸ்பெர்க் கல்கத்தா வந்து பதிவு பண்ணப்போ, பாடறவங்க கடைசில தன் பேரைத் தானே சொல்லி முடிப்பாங்க, பாடகி கௌஹர் ஜான் இங்கிலீஷ்ல சொல்றது இன்னிக்கும் கேக்கலாம். பதிவு ஜெர்மனிக்குப் போய் அங்க தட்டாகி வரணும், அங்க இருக்கறவனுக்கு யாரு பாடினான்னு தெரியணுமே. மெட்டாடேட்டாவை, அதாவது யாரு என்னங்கற விவரத்தை, ஃபைலுக்குள்ளயே எழுதணும்னு இப்ப நாம படிச்சுப் படிச்சு சொல்றதை அந்தம்மா அப்பவே பண்ணிருச்சு. நம்ம ஆளுங்க எனக்கு அனுப்பற ஃபைல் பேர் என்ன தெரியுமா? "புதுசு1", "புதுசு1 கடைசி", "புதுசு1 கடைசி நிஜமா".

6 மார்ச்

கௌஹர்னு எழுதினதும் ஞாபகம் வந்துச்சு. விக்கில அந்தம்மாவுக்கு ரெண்டு பக்கம் இருக்கு, கண்ணுக்கு ரெண்டும் ஒரே தலைப்பு. ஒருத்தர் கௌ சரியா அடிச்சிருக்கார், இன்னொருத்தர் கெ போட்டு பக்கத்துல ள அடிச்சிருக்கார். பார்க்க ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு வேற வேற. தேடினா பாதிதான் சிக்கும். கௌரி, மௌனம், சௌந்தரராஜன் எல்லாத்துலயும் இது இருக்கு. ஒரு சின்ன புரோகிராம் எழுதி 70 தலைப்பு திருத்தினேன், அதுல மூணு தப்பாத் திருத்தினேன், "தெளிவு" போய் "தௌிவு" ஆயிருச்சு.

19 மார்ச்

ஃபான்ட் விஷயம் தனிப் பக்கமே கேக்குது. இருபத்தி சொச்ச வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் தன் சொந்த ஊர் தியேட்டர்களைப் பத்தி எழுதி வெச்சிருந்த பக்கம் கிடைச்சுது, திறந்தா ஒரே கோழிக் கிறுக்கல். பழைய டிஸ்கி, தமிழ் எழுத்தை கம்ப்யூட்டர்ல பதியற ஒரு குறியீட்டு முறை. யூனிகோடு பரவறதுக்கு முன்னாடி ஆளுக்கொரு எழுத்துரு, முரசு அஞ்சல், மயிலை, பாமினி, அப்புறம் 1999ல சென்னைல தமிழ்நெட் 99 மாநாடு முடிஞ்சு டாம், டாப்னு ரெண்டு குறியீடு. டிஸ்கில கொம்பு முன்னாடி நிக்கும், "கொ" அடிச்சா கொம்பு, க, கால்னு கண்ணுக்குத் தெரியற வரிசைல பதிவாகும். யூனிகோடுல க முதல்ல, குறி அப்புறம். மாத்தற மென்பொருள்ல போட்டா 95 சதவீதம் வந்துரும், மீதி நாம கண்ணை விட்டுப் பார்க்கணும். "தியேட்டர்"ல ரெட்டைக்கொம்பு இடம் மாறிக் கிடந்துச்சு.

மதுரைத் திட்டக்காரங்க 1998 பொங்கலுக்கு ஆரம்பிச்சு, உலகம் பூரா இருந்து தன்னார்வலர்கள் அடிச்சு அடிச்சு பழைய நூலை ஏத்தினாங்களே, அவங்க இந்த எழுத்துரு மாற்றம் எல்லாத்தையும் தாண்டி வந்திருக்காங்க. அதைப் பார்த்துத்தான் எனக்குத் தெம்பு. கூட்டு வேலைன்னா ஏத்தறது கால்வாசிதான். ஏத்தினதை பத்து வருஷத்துக்கொரு தடவை வேற பாத்திரத்துக்கு மாத்தி ஊத்தறது இருக்கே, அதுக்கு யாரும் வர மாட்டாங்க, போட்டோ போட முடியாதுல்ல.

2 ஏப்ரல்

உரிமை பத்தி தினம் ஒருத்தர் கேக்கறாங்க, ஒரே தடவை சொல்லிடறேன், நான் வக்கீல் இல்ல. இந்தியச் சட்டத்துல ஒலிப்பதிவுக்கும் சினிமாவுக்கும் வெளிவந்த அடுத்த வருஷத்துலேர்ந்து 60 வருஷம். அப்ப 1962 வரைக்கும் வந்த ரெக்கார்டு 2023 ஜனவரியோட விடுபட்டாச்சு. ஆனா பாட்டை எழுதினவர், மெட்டுப் போட்டவர் உரிமை தனி, அவங்க காலத்துக்கு அப்புறம் 60 வருஷம். அதனால தட்டு விடுதலை, பாட்டு கைதி. பாரதி பாட்டுக்கே ஒலிப்பதிவு உரிமை ஒரு நேரம் ஏவி.எம். செட்டியார் கைல இருந்து, 1949ல அரசாங்கம் எடுத்துக்கிட்டதுக்கு அப்புறம்தான் பொதுவாச்சு. அவர் சினிமாவுக்கு முன்னாடி சரஸ்வதி ஸ்டோர்ஸ்னு கிராமபோன் ரெக்கார்டு வியாபாரம் பண்ணவர்ங்கறது இங்க பொருத்தம்.

நம்ம விக்கில முழுப் பாட்டு ஏத்த வேணாம். லேபிள், மேட்ரிக்ஸ், உறை, இரைச்சல் எப்படி இருக்குங்கறதுக்கு கொஞ்சம் துண்டு. போதும்.

14 மே

அவ்வளவும் போச்சு.

14 மே, இரவு

அவ்வளவும் போகல. டொமைன் புதுப்பிக்கணும்னு ஒரு கம்பெனி அனுப்பின மெயில் எல்லாம் நான் விட்டுட்ட பழைய ஐ.டி.க்குப் போயிருக்கு. சர்வர்காரங்களுக்குக் கட்ட வேண்டியதும் அதுலயே. அவங்க மூடி, கொஞ்ச நாள் வெச்சிருந்து, அழிச்சுட்டாங்க. பேக்கப் எங்கன்னு கேப்பீங்க. பேக்கப்பும் அங்கயே. வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளயே வெச்சுப் பூட்டின கதை. எல்லார் வேலையையும் சேர்த்து வெச்சுட்டு இப்படிப் பண்ணினதுக்கு மன்னிப்பு கேக்கறேன்.

17 மே

சேலத்துக்காரர், என்னை எப்பப் பார்த்தாலும் மட்டம் தட்டறவர், என் மேல நம்பிக்கை இல்லாம மாசாமாசம் மொத்தத்தையும் தன் கம்ப்யூட்டர்ல இறக்கி வெச்சிருந்திருக்கார். ஏப்ரல் 30 வரைக்கும் அத்தனையும் இருக்கு. அண்ணே, உங்க அவநம்பிக்கைக்கு கோடி கும்பிடு. இனிமே இதுதான் விதி, நாலு ஊர்ல நாலு பேர் முழுசா வெச்சிருக்கணும், அதுல ஒருத்தருக்காவது என்னைப் பிடிக்கக் கூடாது.

11 ஜூன்

கேலண்டர் படம் இதுல வருமான்னு ஒரு விவாதம். வரும்ங்கறது என் கட்சி. கோவில்பட்டி கொண்டையராஜு, 1898லேர்ந்து 1976 வரை இருந்தவர், நாடகக் கம்பெனிக்கு சீன் படுதா வரைஞ்சுட்டு இருந்தவர்தான் அப்புறம் சாமி படத்துக்கு வந்தார். நம்ம வீட்டு முருகன், லட்சுமி எல்லாம் பின்னாடி தூணும் திரைச்சீலையுமா மேடைல நிக்கற மாதிரி இருக்கே, காரணம் அதுதான்னு நான் நினைக்கறேன். அங்கேர்ந்து சிவகாசி பிரஸ், அங்கேர்ந்து மளிகைக் கடை வழியா சமையல்கட்டு சுவர். சினிமாவை விட இது அதிகம் வீட்டுக்குள்ள போயிருக்கு.

சிவகாசில பழைய பிரஸ்ல வேலை பார்த்த ஒரு தாத்தாகிட்ட பேசினேன். மெஷின்ல கலர் பிரிக்கறது வர்றதுக்கு முன்னாடி ஒரு ஆர்ட்டிஸ்ட் ஒரிஜினல் படத்தை முன்னாடி வெச்சுக்கிட்டு, இதுல மஞ்சள் எவ்வளவு, சிவப்பு எவ்வளவு, நீலம் எவ்வளவுன்னு கண்ணாலயே பிரிச்சு ஒவ்வொரு கலருக்கும் தனியா புள்ளி புள்ளியா வரைவாராம், அதுவும் இடவலம் மாத்தி. "முருகன் மூஞ்சில பச்சை ஏன் வந்துச்சுன்னு முதலாளி கத்துவார், நீலம் ஒரு நூல் நகர்ந்திருக்கும்"னார். படத்துக்குக் கீழ வரைஞ்சவர் பேர் இருக்கும். கலரைப் பிரிச்சவர் பேரைத் தேடி இதுவரை 200 படம் பார்த்துட்டோம், ஒண்ணுலயும் இல்ல.

12 ஜூன்

இல்லன்னு சொன்னது தப்பு, ஒண்ணுல இருக்கு. முருகன் வேல் நிழல்ல, பொடி எழுத்துல, கண்ணாடிப் பிம்பமா, மூணு எழுத்து. வேணும்னே மாத்திப் போட்டாரா, மறந்து நேரா எழுதி அச்சுல திரும்பிருச்சான்னு சண்டை போயிட்டிருக்கு.

13 ஆகஸ்ட்

பெரியப்பாவை உக்கார வெச்சு ரெண்டு நாள் பதிவு பண்ணேன். 81 வயசு. மெஷினோட போட்டோ காட்டினா ஒண்ணும் பேசல, "ஆமா மெஷின்"னார், அவ்வளவுதான். சரின்னு ஒரு துண்டு பழைய பிலிமும் பிளேடும் கைல குடுத்தேன். கை பேச ஆரம்பிச்சுது. ஜாயின்ட் போடறதுன்னா, அதாவது அறுந்த பிலிமை ஒட்டறதுன்னா, ஒரு முனைல மேல்பூச்சைச் சுரண்டணும், சுரண்டலன்னா பிலிம் சிமெண்ட்ங்கற பசை பிடிக்காது, தொட்டுத் தடவி அழுத்தி மனசுக்குள்ள பதினஞ்சு எண்ணணும். அப்புறம்தான் எனக்குத் தெரியாத ஒண்ணு சொன்னார். ஓரத்துல சத்தம் ஓடற கோடு இருக்குல்ல, ஜாயின்ட் அது மேல ஓடும்போது ஸ்பீக்கர்ல "டப்"னு கேக்கும், அதனால கருப்பு மையைத் தொட்டு அந்த இடத்துல மட்டும் கூரை மாதிரி முக்கோணமா ஒரு தீத்தல். சத்தம் மெதுவா அடங்கி மெதுவா எந்திரிக்கும், ஜனத்துக்குத் தெரியாது. யார் சொல்லிக் குடுத்தான்னு கேட்டேன். "சீனியர் செவுள்லயே ஒண்ணு விட்டார்"னார்.

சத்தம் பத்திப் பேசினதுல இன்னொண்ணு. படத்துக்கு நேரா அதோட சத்தம் இருக்காது, 20 பிரேம் கிட்ட தள்ளி இருக்கும், ஏன்னா படம் கேட்ல, லென்ஸுக்குப் பின்னாடி இருக்கற சட்டத்துல, நின்னு நின்னு போகணும், சத்தம் படிக்கற இடத்துல சீரா ஓடணும், ரெண்டையும் ஒரே இடத்துல பண்ண முடியாது. நடுவுல தொங்கலா விடற பிலிம் லூப் கொஞ்சம் கூடினா வாய் ஒரு பக்கம் வசனம் ஒரு பக்கம். 1973ல 'ராஜராஜ சோழன்' சினிமாஸ்கோப்ல வந்துச்சுல்ல, அதை இவங்க டென்ட்டுக்குக் கொண்டு வந்தப்போ வாடகை லென்ஸ் பஸ்ல வந்து சேரல, ஜனம் விசில் அடிக்குது, சாதா லென்ஸ்லயே ஒரு ரீல் ஓட்டிட்டாங்களாம். அந்தப் பிலிம்ல படம் பக்கவாட்டுல பாதியா நசுங்கித்தான் இருக்கும், லென்ஸ்தான் விரிக்கணும். "சிவாஜி முருங்கக்காய் மாதிரி நின்னார், யானையும் முருங்கக்காய்". ஒருத்தரும் காசு திருப்பிக் கேக்கலையாம்.

கார்பன் பத்திக் கேட்டப்போ சொன்னது: "கண்ணாடி வழியாப் பார்த்து சரி பண்றது புதுப் பையன். நான் ரீல் சுத்திக்கிட்டே காதாலதான் பார்ப்பேன். இடைவெளி சரியா இருந்தா அது பேசாது. குறைஞ்சா சீறும், பாம்பு மாதிரி."

கார்பன் பக்கத்துல நாம எழுதியிருக்கறது 1,400 வார்த்தை, 22 போட்டோ, ஒரு வரைபடம். சீறல் எங்க?

20 ஆகஸ்ட்

கருவி பக்கம் எல்லாத்துலயும் "சத்தம்"னு ஒரு கட்டம் சேர்த்தாச்சு. கேசட்டுக்கு மூடி பூட்டற கிளிக், டைப்ரைட்டருக்கு வரி முடியற மணி, இப்படி வந்து குவியுது. கார்பனுக்கு மட்டும் காலி.

8 அக்டோபர்

திருச்சிப் பக்கம் மூடிக் கிடந்த ஒரு தியேட்டர் கேபின்ல ஓனர் பையன் மிச்சம் இருந்த குச்சியை மாட்டி ஏத்திப் பார்த்திருக்கான், 50 செகண்ட் வீடியோ அனுப்பினான். சாமிக்கண்ணு வின்சென்ட் 1905ல ஒரு பிரெஞ்சுக்காரர்கிட்ட மெஷினும் படமும் வாங்கி, ரயில்வே வேலையை விட்டுட்டு ஊர் ஊரா டென்ட் போடக் கிளம்பினாரே, அதே திருச்சி. வெளிச்சம் ஊதாவா குதிக்குது, பின்னாடி தெளிவா ஒரு "உஸ்ஸ்". துள்ளிட்டேன். பக்கத்துல ஏத்தி, "கார்பன் சீறல்"னு பேர் வெச்சு, எல்லாருக்கும் சொல்லியாச்சு. பாராட்டு மழை.

15 அக்டோபர்

பெரியப்பாவுக்கு ஹெட்போன் மாட்டி போட்டுக் காட்டினேன். ரெண்டு தடவை கேட்டார். "எக்ஸாஸ்ட் ஃபேன் பேரிங் போயிருக்கு, எண்ணெய் விடச் சொல்லு"ன்னார். கார்பன்? "அது சரியா எரியுதேப்பா, அது எப்படிச் சத்தம் போடும்."

ஃபைல் பேரை "எக்ஸாஸ்ட் ஃபேன், திருச்சி"ன்னு மாத்திட்டேன். அழிக்கல, ஃபேனுக்கும் ஒரு பக்கம் வேணும்ல.

29 அக்டோபர்

பையன்கிட்ட ஃபேனை நிறுத்திட்டு, இடைவெளியைக் குறைச்சு மறுபடி எடுக்கச் சொன்னேன். புகை நல்லதில்ல, அதனால ஜன்னல் ரெண்டும் திறந்து வெச்சு, அரை நிமிஷத்துக்கு மேல வேணாம்னும் சொல்லியிருக்கேன். ரெடியாத்தான் இருக்கான். ஆனா பாசிட்டிவ் குச்சி தீர்ந்துருச்சாம். நெகட்டிவ் மட்டும் ரெண்டு டப்பா நிறைய இருக்கு. இழையோட முதல் கேள்வி கேட்டவர் இதைப் படிச்சா அவருக்கே காரணம் தெரியும். யார் வீட்டுப் பரண்லயோ, மூடின தியேட்டர் கேபின்லயோ தடிக் குச்சி, செம்பு பூசினது, நாலு விரல் நீளம் இருந்தாக்கூட போதும், சொல்லுங்க, பஸ் ஏறி வந்து வாங்கிக்கறேன்.